கேஸ்கெட்டைத் திட்டாதீர்கள், எஞ்சினைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. மிஷிகனில் டெட்ராய்ட் பக்கம் கேன்டனில் இருக்கிறேன், கார் கம்பெனிகளுக்கு சப்ளை பண்ணும் ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் வேலை. மூன்று வருஷம் முன்பு 1969 ஷெவர்லே கமாரோ எஸ்எஸ் ஒன்று வாங்கினேன். 350 வி8, நாலு கியர் மேனுவல், பவர் ஸ்டீரிங். முந்தைய சொந்தக்காரர் எஞ்சின் புகையை வெளியே எடுக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு குழாய் வைத்த ஹெட்டர் போட்டிருந்தார். அது இப்போது துருப்பிடித்து, டிரைவர் பக்கம் கடைசிக் குழாயின் வாயில் புகை கசிகிறது. இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டை இரண்டு தடவை மாற்றினேன், இரண்டும் அதே இடத்தில் போய்விட்டது. முதல் கியரில் கொஞ்சம் அழுத்திக் கிளப்பினால் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். நன்றாக ஓட்டிவிட்டு ஆஃப் செய்தால் அரை மணி நேரத்துக்கு செல்ஃப் எடுக்காது. 1-3/4 அங்குலக் குழாய் வைத்த புது ஹெட்டர் செட், கறுப்பு பெயின்ட் அடித்தது, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டேன், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆகஸ்டில் நடக்கும் பழைய கார் ஊர்வலமான உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குள் மாட்டிவிட ஆசை. வீட்டிலேயே செய்யலாமா? ஹெட்டர் குழாயில் வெப்ப நாடா சுற்றலாமா? எந்தக் கேஸ்கெட் நல்லது?

பதில்:

தம்பி, முதலில் அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு ஒரு நன்றி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேஸ்கெட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள், என் காதில் விழுந்தது அந்த 'டங்'. இரண்டு கேஸ்கெட் ஒரே இடத்தில் போயிருக்கிறது, அதுவும் டிரைவர் பக்கம், அதுவும் கடைசிக் குழாயில், அதோடு வண்டியை அழுத்திக் கிளப்பும்போது மட்டும் இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பழைய ஷெவி பார்த்த எந்த மெக்கானிக்கும் முதலில் கையை வைப்பது எஞ்சின் மவுண்டில்தான், அதாவது எஞ்சினைச் சேசிஸோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கியில். மூன்றாவது கேஸ்கெட்டாக என்ன போட்டாலும், தங்கத்தில் செய்து போட்டாலும், மவுண்ட் கிழிந்திருந்தால் அதுவும் ஊதிவிடும். புது ஹெட்டரும் பழையது போன வழியிலேயே போகும்.

விஷயம் இதுதான். எஞ்சின் சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக எஞ்சின் பிளாக் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். இந்த வி8-இல் கிளட்சை விட்டு அழுத்தும்போது டிரைவர் பக்கம் மேலே எழும்பும், எதிர்ப்பக்கம் கீழே அமுங்கும். அமுங்குகிற பக்கத்து ரப்பருக்கு ஒன்றும் ஆகாது, இழுபடுகிற டிரைவர் பக்க ரப்பர்தான் வருஷக்கணக்கில் எண்ணெயும் சூடும் பட்டு இரும்புத் தகட்டிலிருந்து பிய்ந்துகொள்ளும். பிய்ந்த பிறகு எஞ்சினை அங்கே பிடித்து வைப்பது அதன் எடை ஒன்றுதான். நிற்கும்போது எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே தெரியும், அழுத்தினால் எழும்பும், விட்டால் பொத்தென்று உட்காரும். எஞ்சினோடு சேர்ந்து ஹெட்டரும் எழும்பி உட்காருகிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு சின்னது, சுற்றிலும் இடம் இருக்கும், இடிக்காது. நீளக் குழாய் ஹெட்டரோ ஸ்டீரிங் பெட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவில் விரல் நுழையாத இடைவெளியில் வளைந்து இறங்குகிறது. அது போய் ஸ்டீரிங் பெட்டியில் இடித்தால் அந்த அடி குழாய் வழியாக எங்கே போய்ச் சேரும்? ஹெட்டரை எஞ்சினோடு பிடிக்கும் தகடான ஃபிளேஞ்சில், கடைசி போல்ட்டில். கேஸ்கெட் அங்கேதான் போகிறது.

இது உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 1971 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் இதே எஞ்சின் மவுண்டுக்காக சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, 1967 முதல் 1969 வரை வந்த கமாரோவும் அதில் சேர்த்தி. மவுண்ட் கிழிந்து எஞ்சின் எழும்பும்போது ஆக்சிலரேட்டர் இணைப்பு இழுபட்டு அப்படியே திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளும், பிரேக் பூஸ்டருக்குப் போகிற வேக்குவம் ஹோஸும் பிடுங்கிக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், வண்டி தானாகப் பாய்கிறது, பிரேக் கல்லாகிவிடுகிறது. அப்போது அவர்கள் கோடிக்கணக்கில் செலவு வரும் என்று மவுண்டை மாற்றவில்லை, எஞ்சின் ரொம்ப எழும்பாமல் இருக்க ஒரு கம்பிக் கயிறு போட்டுக் கட்டி அனுப்பினார்கள். உங்கள் வண்டியிலும் அந்தக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். கயிறு இருந்தாலும் மவுண்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆகவே சோதித்து முடிக்கும்வரை வண்டியை அழுத்தி ஓட்ட வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சோதனை சுலபம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் பேனுக்கு அடியில் அகலமான ஒரு மரப்பலகை வைத்து, ஜாக்கியை டிரைவர் பக்கமாகத் தள்ளி வைத்து மெதுவாக ஏற்றுங்கள். பலகை இல்லாமல் நேராக ஜாக்கி வைத்தால் பேன் உள்ளே அமுங்கி ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். ரப்பர் நன்றாக இருந்தால் எஞ்சின் கொஞ்சம் அசைந்து, அதற்குமேல் வண்டியையே சேர்த்துத் தூக்கப் பார்க்கும். கிழிந்திருந்தால் மேல் பாதி தனியாக எழும்பி வருவது கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கமும் புதிதாக வாங்குங்கள், ரப்பர் பிய்ந்தாலும் உலோகம் உலோகத்தில் மாட்டி எழும்ப விடாத 'இன்டர்லாக்' வகை மவுண்ட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பின்னால் கியர் பாக்ஸ் மவுண்டையும் பார்த்துவிடுங்கள்.

மவுண்டோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹெட்டர் முடிகிற இடத்திலிருந்து பின்னால் போகும் பைப்பும் சைலன்சரும் எதில் தொங்குகின்றன? கியர் பாக்ஸ் குறுக்குச்சட்டம் பக்கத்தில் ரப்பர் வைத்த ஒரு தொங்கல் இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது இருக்காது, முன்பாதிப் பைப்பின் எடை முழுக்க ஹெட்டரின் வாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் அது ஒரு கடப்பாரை மாதிரி ஃபிளேஞ்சை நெம்பும். டெட்ராய்ட் பக்கம் குழிகளுக்குக் குறைவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம்.

திருப்பி அனுப்புங்கள். பிரிக்காததால் எடுத்துக்கொள்வார்கள். 1-3/4 அங்குலக் குழாய் உங்கள் எஞ்சினுக்குப் பெரிது. எஸ்எஸ்-இல் வந்த அந்த 350-க்குக் கம்பெனி சொன்ன சக்தி 300 குதிரைத்திறன், அதுவும் அந்தக் காலத்துக் கிராஸ் கணக்கு, வண்டியில் இருக்கிற சைலன்சரும் மற்ற சாமான்களும் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேசையில் ஓட்டி அளந்தது. உள்ளே கேம் ஷாஃப்ட் மாற்றி, தலை (சிலிண்டர் ஹெட்) மாற்றி, 6000 ஆர்பிஎம்முக்கு மேல் அலற விடுகிறவர்களுக்குத்தான் 1-3/4. உங்களுக்கு 1-5/8 போதும், அதுதான் சரியும்கூட. குழாய் பெரிதானால் புகை மெதுவாக நகரும், ரோட்டில் நீங்கள் அதிகம் இருக்கப்போகும் 1500-இலிருந்து 3500-க்குள் இழுவை மந்தமாகும். இன்னொரு தொல்லை, குழாய் தடிமனாக ஆக பிளக்கில் ஸ்பேனர் நுழைய இடம் குறையும். ஒவ்வொரு தடவை பிளக் மாற்றும்போதும் என்னைத் திட்டமாட்டீர்கள், உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

ஹெட்டர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாற்றி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. இந்த எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-8-4-3-6-5-7-2. டிரைவர் பக்கத்தில் 1, 3, 5, 7; எதிர்ப்பக்கத்தில் 2, 4, 6, 8. வரிசையைப் படித்துப் பாருங்கள், டிரைவர் பக்கத்தில் 5-ம் 7-ம் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன, அந்தப் பக்கம் 8-ம் 4-ம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்பது நாலு வாயும் ஒரே சின்ன அறைக்குள் திறக்கிற பெட்டி. 5-இன் புகை வெளியே போய் முடிவதற்குள் பக்கத்திலேயே 7 வந்து ஊதுகிறது, நெரிசல். ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், நாலும் ஓரளவு ஒரே நீளத்தில் போய்த்தான் சேரும். அதனால் ஒன்றின் புகை இன்னொன்றைத் தள்ளாது, நீளம் பொருந்திவந்தால் ஒன்று போகும் வேகத்தில் அடுத்ததைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டும் போகும். மற்ற எதையும் தொடாத உங்கள் எஞ்சினில் இதனால் பதினைந்து, இருபது குதிரைத்திறன் வந்தால் நல்லது, அதற்குமேல் விளம்பரத்தில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். சத்தம் மட்டும் நூறு குதிரை கூடின மாதிரி இருக்கும்.

வாங்கும்போது மூன்று விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள். மேனுவல் கிளட்ச் இணைப்புக்குப் பொருந்துமா? டிரைவர் பக்கம் அந்தக் கிளட்ச் குறுக்குத் தண்டு ஹெட்டர் குழாய்களுக்குள் புகுந்துதான் போகும், ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் பொருந்துகிற செட்டை வாங்கிவிட்டு வெட்டி ஒட்டிக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பவர் ஸ்டீரிங்கோடு பொருந்துமா? தலையில் பிளக் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று கேட்பார்கள், பழைய தலையே இருந்தால் நேர் பிளக். யாராவது பிறகு அலுமினியத் தலை போட்டிருந்தால் பெரும்பாலும் சாய்ந்த பிளக், எதற்கும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஃபிளேஞ்ச் தகடு 3/8 அங்குலத் தடிமனில் கிடைத்தால் அதை எடுங்கள், மெல்லிய தகடு சூட்டில் வளையும்.

பெயின்ட் அடித்த ஹெட்டர் என்பது கப்பலில் துருப்பிடிக்காமல் உங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்தில் அந்தப் பெயின்ட் புகையாகப் போய்விடும். பிறகு வெறும் இரும்பு, மிஷிகன் ஈரம், ரோட்டு உப்பு. டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்குக் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிற ஊர் அது, உப்புக்குக் கேட்கவா வேண்டும். குளிர்காலத்தில் வண்டியை எடுக்கமாட்டேன் என்பீர்கள், சரி, ஏப்ரல் மழை வந்து கழுவும்வரை ரோட்டில் மிச்சம் இருக்கும். அதனால் உள்ளும் புறமும் செராமிக் கோட்டிங் போட்டது வாங்குங்கள். விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும், எனக்குத் தெரியும். ஆனால் துரு பாதி குறையும், பானெட்டுக்குள் சூடும் குறையும், உங்கள் ஸ்டார்ட்டர் தொல்லைக்கும் அது பாதி மருந்து.

நாடா சுற்ற வேண்டாம். பந்தயக் காருக்கு, சீசன் முடிந்தால் ஹெட்டரைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு அது சரி. தெருவில் ஓட்டுகிற வண்டியில் நாடா ஈரத்தைக் குடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டையும் வெளியே விடாது, சாதா இரும்பு உள்ளுக்குள்ளேயே செதில் செதிலாக உரிந்து போகும். நாடாவை அவிழ்க்கும்போது குழாயும் சேர்ந்து கையோடு வந்த கதை உண்டு. நாடா சுற்றினால் வாரன்டி கிடையாது என்று பல ஹெட்டர் கம்பெனிகளே எழுதி வைத்திருக்கின்றன.

வீட்டிலேயே செய்யலாமா என்றால், செய்யலாம். ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், முதல் தடவை செய்கிறவருக்கு இரண்டு வார இறுதி ஆகும், அதில் பாதி நேரம் பழையதைக் கழற்றுவதற்கே போகும்.

வேலைக்கு மூன்று நாள் முன்பிருந்தே தினம் சாயங்காலம் ஹெட்டர் போல்ட் பன்னிரண்டுக்கும் (பக்கத்துக்கு ஆறு) துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கழற்றுகிற அன்று முதல் வேலை பேட்டரி கனெக்‌ஷனை எடுப்பது, ஏனென்றால் ஸ்டார்ட்டருக்குப் போகிற தடித்த வயரில் சாவி போடாமலேயே கரன்ட் இருக்கும், ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும். முன்பக்கத்தை நன்றாக உயர்த்தி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி எந்தக் காலத்திலும் அடியில் படுக்கக் கூடாது. ஹெட்டர் கீழ்வழியாக இறங்க வேண்டும் என்றால் இரண்டடி உயரமாவது தேவைப்படும். பிளக் எட்டையும், வயர்களையும், ஆயில் டிப்ஸ்டிக் குழாயையும், ஆயில் ஃபில்டரையும், ஸ்டார்ட்டரையும் கழற்றிவிடுங்கள். பிளக்கை விட்டு வைத்தால் ஹெட்டர் பட்டு இரண்டு உடைவது நிச்சயம்.

போல்ட் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். முதலில் துளி அளவு இறுக்கும் பக்கம் திருப்புங்கள், 'கிளிக்' என்று துரு உடையும், பிறகு தளர்த்துங்கள், எண்ணெய் விடுங்கள், முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். பல வருஷம் முன்பு ஒரு நண்பரின் கமாரோவில், ராத்திரி ஒன்பது மணி, கடைசி போல்ட், வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் நீளப் பைப்பை ஸ்பேனரில் செருகி ஒரே இழுப்பு இழுத்தேன். போல்ட்டின் தலை உடைந்து கையில் வந்தது. அந்த ஒரு போல்ட் மறுநாள் முழுவதையும் தின்றது. முதலில் நடுவில் துளையிடப் போய் டிரில் வழுக்கி சிலிண்டர் தலையைக் கீறியது, கடைசியில் மீந்திருந்த கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் ஓட்டை வழியாக வெல்டிங் அடித்து, செக்கச்செவேல் என்று சூடாறும்போது ஸ்பேனர் போட்டேன், வெண்ணெய் மாதிரி சுற்றி வந்தது. அதை முதலிலேயே செய்திருக்கலாம். உங்களுக்கு உடைந்தால் வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், டிரில்லை எடுக்காதீர்கள். (உங்களுடையது ஷெவி என்பதால் இன்னொரு தலைவலி இல்லை: கிரைஸ்லரின் சின்ன வி8-இல் ஓரத்து ஸ்டட்கள் தண்ணீர் அறைக்குள் போகும், கழற்றினால் கூலன்ட் காலில் ஊற்றும்.)

இப்போது ஒரு நல்ல செய்தி. மவுண்ட் மாற்ற எஞ்சினை எப்படியும் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் தூக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில்தான் ஹெட்டர் உள்ளே நுழையவும் இடம் கிடைக்கிறது. ஆக இரண்டும் ஒரே வேலை. தூக்குவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிடுங்கள், இந்த எஞ்சினில் அது பின்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தகட்டுச் சுவருக்கு ஒட்டி நிற்கிறது, தூக்கினால் மூடி நசுங்கும். ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றியிருக்கும் கூட்டையும் தளர்த்திவிடுங்கள். இந்த இரண்டையும் மறந்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒரு தடவை.

பழைய ஹெட்டர் வெளியே வந்ததும் தலையின் முகத்தைச் சுத்தம் செய்யுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், கசிவுக்கான இரண்டாவது காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய கேஸ்கெட் ஒட்டிய கரியை பிளேடு வைத்துச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, போல்ட் ஓட்டைகளில் 3/8-16 மரை வெட்டும் டேப்பைக் கையால் மட்டும் விட்டு எடுத்துத் துருவை வெளியேற்றுங்கள். பிறகு புது ஹெட்டரின் ஃபிளேஞ்சைக் குப்புறப் போட்டு அதன்மேல் நேரான இரும்பு ஸ்கேல் வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். புதுசுதானே, ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நாலு குழாயை வெல்டிங் அடிக்கும்போது இழுத்துக்கொண்டு தகடு வாழைப்பழம் மாதிரி வளைவது சாதாரணம். இடைவெளி அளக்கும் 0.010 அங்குல ஃபீலர் தகடு தாராளமாக நுழைந்தால் பெரிய அரத்தை வைத்து நீளவாக்கில் தேய்த்துச் சமப்படுத்துங்கள், அல்லது பக்கத்தில் மெஷின் ஷாப் இருந்தால் கொடுத்து ஒரு சீவு சீவி வாங்குங்கள். இதைச் செய்யாமல் போட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் கேஸ்கெட் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

அடுத்து, கேஸ்கெட் இல்லாமல் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். ஓரத்து போல்ட் இரண்டு இரண்டு போதும். எஞ்சினைப் புது மவுண்டில் இறக்கி வைத்துவிட்டு, ஸ்டீரிங் பெட்டி, ஸ்டீரிங் தண்டில் இருக்கும் ரப்பர் இணைப்பு, சேசிஸ், கிளட்ச் தண்டு, பிரேக் குழாய் எல்லாவற்றிலிருந்தும் இடைவெளி பாருங்கள். ஒருவரை உட்காரவைத்து ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொல்லுங்கள், கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் அசையும் என்பதால் குறைந்தது கால் அங்குலம், முடிந்தால் அரை அங்குலம் இருக்க வேண்டும். ஸ்டீரிங் ரப்பர் இணைப்புக்குப் பக்கத்தில் குழாய் போனால் நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள், அந்த ரப்பர் வெந்து போனால் ஸ்டீரிங்கில் ஆட்டம் வரும். எங்காவது கொஞ்சம் இடித்தால் அந்த இடத்தை மட்டும் உருண்டைத் தலைச் சுத்தியால் லேசாகப் பள்ளம் பண்ணலாம், கோட்டிங் போட்ட ஹெட்டர் என்றால் மனசு வலிக்கும், அதனால்தான் வாங்கும்போதே பொருந்துமா என்று கேட்கச் சொன்னேன். எதிர்ப்பக்கம் ஆல்டர்னேட்டர் பிராக்கெட் பழைய மேனிஃபோல்டு போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டி இது, ஹெட்டருக்கு ஏற்ற நீளத்தில் ஒரு ஸ்பேசர் தேவைப்படலாம், முந்தையவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ்கெட், இப்போதுதான். ஹெட்டர் பெட்டியில் இலவசமாக வருகிற காகித மாதிரிக் கேஸ்கெட்டைக் குப்பையில் போடுங்கள். ஃபிளேஞ்சைச் சமப்படுத்தியிருந்தால் பல அடுக்கு மென் அலுமினியக் கேஸ்கெட் நல்லது. கொஞ்சம் மேடு பள்ளம் மிச்சம் இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் 1/8 அங்குலத் தடிமன் கிராஃபைட் வகை, அது நன்றாக நசுங்கி இடுக்கை அடைக்கும். போல்ட்டில் துருவில் சிக்காமல் இருக்க ஆன்ட்டி-சீஸ் பசை தடவி பன்னிரண்டையும் கையால் முழுவதும் திருகிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். ஒன்றை இறுக்கிவிட்டால் மற்றது ஓட்டையில் சேராது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, 20 முதல் 25 அடி-பவுண்டு. இறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் எல்லா போல்ட்டுக்கும் எட்டாது, எட்டுகிற இரண்டில் கை எவ்வளவு பலம் கொடுக்கிறது என்று பழகிக்கொண்டு மற்றவற்றில் குட்டை ஸ்பேனரால் அதே பலம் கொடுங்கள். சின்னத் தலை உள்ள பன்னிரண்டு முனை போல்ட் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள், விரல் தோல் மிச்சம். கிராஃபைட் போட்டால் அந்தக் கம்பெனி சொல்கிற அளவைத் தாண்டி ஒரு முறுக்குக்கூட வேண்டாம்.

ஸ்டார்ட்டர் விஷயம். சூடானால் செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் ஹெட்டர் குழாய் அதன் தலையில் இருக்கும் சோலனாய்டை (ஸ்டார்ட்டரை இயக்கும் மின்காந்தச் சுவிட்சை) வேகவைப்பது. செம்புச் சுருள் சூடானால் மின்தடை கூடும், இழுக்கும் பலம் குறையும், ஆறினால் தானாகச் சரியாகிவிடும், நீங்கள் சொன்ன அரை மணி நேரம் அதுதான். எப்படியும் கழற்றியிருக்கிறீர்கள், பழையதை மாட்டாதீர்கள். கியர் வைத்த சின்ன ஸ்டார்ட்டர் ஒன்று வாங்குங்கள், உருவம் சிறியது, குழாயிலிருந்து தள்ளி நிற்கும், மின்சாரமும் குறைவாகக் கேட்கும். அதற்கு முன்பு பேட்டரியிலிருந்து வரும் வயரின் முனைகளையும் எர்த் வயரையும் சுத்தம் செய்யுங்கள், ஐம்பது வருஷத் துருவுக்குப் புது ஸ்டார்ட்டர் மருந்தாகாது. பெட்ரோல் பம்பும் அதே பக்கம்தான், முன்னால் கீழே. அங்கே ரப்பர் ஹோஸ் ஹெட்டரை உரசிக்கொண்டு போகிறதா பாருங்கள். நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன், ஏனென்றால் அங்கிருந்து வண்டி தீப்பிடித்துவிடலாம்.

பிளக் வயரில் 5-ஐயும் 7-ஐயும் ஒட்டி ஓட விடாதீர்கள். மேலே சொன்ன அதே கதை: இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர், அடுத்தடுத்து வெடிப்பவை. வயர்கள் சேர்ந்து நீளமாக ஓடினால் 5-இன் மின்பொறி 7-ஐ முன்கூட்டியே கொளுத்திவிடும். நடுவில் இன்னொரு வயரை விடுங்கள்.

முதல் ஸ்டார்ட் வெளியில், வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை, வீட்டுக்குள் போனால் தெரியாது. இத்தனை நாள் கசிவோடு ஓட்டியிருக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டினீர்கள் என்று நம்புகிறேன். முதல் பத்து நிமிஷம் எண்ணெயும் தூசியும் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம். முழுதாக ஆறின பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை பாருங்கள், ஐம்பது மைல் ஓட்டினதும் இன்னொரு தடவை. கிராஃபைட் என்றால் மட்டும் அட்டையில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி. கசிவு தேட ஒரு வழி: வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைச் சைலன்சர் பின்வாயில் துணி சுற்றிச் செருகி ஊதவிட்டு, ஃபிளேஞ்சைச் சுற்றி சோப்புத் தண்ணீர் அடியுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் நின்றால் அது டேப்பெட் என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் ஃபிளேஞ்சைப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்காக வால்வ் கவரைக் கழற்றி எஞ்சினைக் குடைந்தவர்கள் உண்டு.

கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். கசிவோடு ஓடும்போது செய்த ட்யூனிங் எல்லாம் பொய். கசிவு நின்ற பிறகு ஒரு நூறு மைல் ஓட்டி பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். பீங்கான் வெள்ளை வெளேர் என்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை; கார்புரேட்டர் குவாட்ராஜெட் ரகமாக இருந்தால் மீட்டரிங் ராடை மாற்றுங்கள், ஹோலி ரகமாக இருந்தால் ஜெட்டை ஒன்றிரண்டு எண் பெரிதாக்குங்கள். காலைக் குளிரில் கொஞ்ச நேரம் முக்கும், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் இருந்த வெப்ப வால்வ் இப்போது இல்லையல்லவா, எலெக்ட்ரிக் சோக் போட்டால் அது தீரும். மிஷிகனில் புகைப் பரிசோதனை கிடையாது, அந்தக் கவலை வேண்டாம்.

ட்ரீம் க்ரூஸ் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை. அதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டி முடிந்திருக்க வேண்டும், அந்த இரண்டு வாரம் போல்ட்டை மறுபடி பார்க்கவும், தினம் ஆபீசுக்கு ஓட்டிப் பார்க்கவும். உட்வர்டில் அன்று வண்டி ஊர்ந்துதான் போகும், சூடு ஏறும், ஸ்டார்ட்டருக்கு அதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

முந்தைய சொந்தக்காரருடைய ஃபோன் நம்பர் இருந்தால் அந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் இன்னும் அவர் கராஜில் கிடக்கின்றனவா என்று கேட்டு வாங்கி வையுங்கள், அதில் இருக்கும் வார்ப்பு எண்ணும் தேதியும் உங்கள் வண்டிக்கு ஒத்துப்போனால் விற்கும்போது அதற்கு விலை உண்டு. பழைய ஹெட்டரின் டிரைவர் பக்கத்தையும் உடனே எறியாதீர்கள். ஸ்டீரிங் பெட்டிக்கு நேராக வருகிற குழாயைத் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். துருவுக்கு நடுவில் அந்த ஓர் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.